நன்கொடை வேண்டுகோள்: மணக்குடிக் கரையில் நிற்கும் பாய்வள்ளத்துக்கு

அன்புடையீர், வணக்கம்.

குளச்சல் கடற்கரையில் பல ஆண்டுகள் ஓலைக் கூரையின் கீழ்க் கிடந்து, ஊராரின் கூட்டு முயற்சியால் மீண்டும் கடல் கண்ட 34 அடிப் பாய்வள்ளம், இப்போது மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் முகமான பொழிக்கு மேற்கே கரையேற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனிக் கடல் எழும் முன் அதன் அடிப்பலகைகளை மாற்றிக் கலப்பத்து அடித்து, அதாவது பலகை மூட்டுகளில் பஞ்சு திணித்து நீர் புகாமல் அடைத்து, முடிப்பதற்குத் தங்கள் உதவியை நாடி இவ்வேண்டுகோளை வைக்கிறோம்.

பணம் கேட்கும் முன் நடந்ததைச் சொல்வதுதான் முறை. கடந்த மாசி மாதம், குளச்சலிலிருந்து குமரிமுனையைச் சுற்றிச் சின்னமுட்டம் வரை எஞ்சின் இல்லாமல் பாயிலேயே வள்ளத்தைக் கொண்டுசெல்வது என்று முடிவுசெய்து, விடியற்காலைக் கரைக்காற்றில் புறப்பட்டோம். மண்டைக்காடும் மணவாளக்குறிச்சியும் நல்லபடியாகக் கடந்தன. கடியப்பட்டணத்துக்கு வெளியே கிடக்கும் பாறைகளை விலக்கிப் போவதற்காகப் பாயை மாற்றியபோது வள்ளம் மறுபக்கம் சாய்ந்து, அதுவரை நீருக்கு மேலே இருந்த பலகை மூட்டுகள் நீருக்குள் போயின. முட்டம் கலங்கரை விளக்கம் இடப்பக்கம் நேரே தெரிந்த வேளையில் உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மூன்று பேர் மாறி மாறி இறைத்தும், ராஜாக்கமங்கலம் துறையைத் தாண்டும்போது அது முழங்காலுக்கு வந்துவிட்டது. துணைக்கு வந்த ஃபைபர் படகு கயிறு கொடுத்து மணக்குடிவரை இழுத்து வந்தது. பொழி மணலடைத்துக் கிடந்ததால் உள்ளே நுழைய வழியில்லை. மணக்குடி மக்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, உருளைத்தடி வைத்து, அந்தக் கனத்த வள்ளத்தை மேல்மணலுக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். அந்த உதவிக்கு நன்றி சொல்லாமல் இந்தக் கடிதத்தை மேலே கொண்டுபோக எங்களுக்கு மனமில்லை.

வள்ளம் கட்டும் தச்சரான மூத்த ஓடாவி ஒருவர் வந்து, அடியில் ஒட்டியிருந்த கொட்டலசு என்னும் ஓட்டுயிரிகளைச் சுரண்டிவிட்டு, வள்ளத்தின் அடிமரமான ஏராவுக்கு அடுத்த பலகையில் உளியின் நுனியை வைத்துச் சும்மா அழுத்தினார். உளி, வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே குண்டூசித் தலையளவு துளைகள்தான் தெரிந்தன. உள்ளே கப்பல் புழு விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து சுண்ணாம்புக் குழல்களை விட்டிருந்தது. இரும்பாணி அடித்த இடங்களில் துரு ஊறி மரம் கருத்துப் பிளந்திருக்கிறது. விலா மரங்களான வங்குகளும் மேற்பலகைகளும் இன்னும் உறுதியாக இருப்பதால், அடிப்பலகைகளில் ஒன்பதை மாற்றினால் வள்ளம் பிழைத்துவிடும் என்பது அவருடைய முடிவு.

புதுப்பலகை அயினி மரமாகவே இருக்க வேண்டும். ஆணி செம்பாக இருக்க வேண்டும். பழைய பஞ்சையும் நாரையும் கொக்கியால் இழுத்தெடுத்து, மூட்டுகளைக் காயவிட்டு, எண்ணெயில் நனைத்து முறுக்கிய பஞ்சைக் கலப்பத்து உளியும் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலும் கொண்டு திணித்து, எண்ணெயில் உருக்கிய குங்கிலியத்தால் அடைப்பார்கள். அதன்மேல் நம் மாவட்டத்து முந்திரி ஆலைகளில் கிடைக்கும் முந்திரித்தோட்டு எண்ணெயைப் பூசுவார்கள். கரையில் ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்ட பிறகு இந்த வேலைக்கு அழைப்பார் இல்லை. அடிக்கும் ஓசையைக் கேட்டே மூட்டு இறுகிவிட்டதா என்று அறியும் காது ஏட்டில் எழுதிக் கொடுக்கக் கூடியது அன்று. ஆகவே, எங்கள் ஊர் இளைஞர்கள் நால்வர் ஓடாவியின் கைக்கீழ் முழுநேரமும் வேலை செய்வார்கள் என்பதை அவரிடமே பேசி உறுதிசெய்திருக்கிறோம். எங்களைப் பொறுத்தவரை வள்ளத்துக்கு இணையான காரியம் இது.

மொத்தச் செலவு 4,80,000 ரூபாய் ஆகும். இதில் பலகைக்கும் ஆணிக்கும் 2,10,000 ரூபாயும், ஓடாவி, கலப்பத்துக்காரர் கூலிக்கு 1,40,000 ரூபாயும் போக, மிச்சம் புதிய பாய், பாயைக் கட்டும் கழியான பருமல், கயிறு, பந்தல், மிதவை அங்கிகள் ஆகியவற்றுக்கு வேண்டும். வீட்டுக்கு வீடு வாங்கிய ஊர் வரியாக 1,32,000 ரூபாய் திரண்டிருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதை மறவாதவர்கள் நாங்கள். ஆகையால் மிதவை அங்கிச் செலவை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்க மாட்டோம்.

பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தோப்பு விளைகளில் முற்றிய அயினி நிற்கிறது என்றால், அதில் ஒரு மரம் எங்களுக்குப் பெரும் கொடை. வெட்டி ஏற்றும் செலவு எங்களுடையது. வேலையாட்களுக்கு ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொடுக்கும் குடும்பத்தையும் நன்கொடையாளராகவே எழுதுவோம்.

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால் அலை மேல்மணல்வரை ஏறும். தவிரவும், வள்ளம் வெயிலில் அளவுக்கு மேல் காய்ந்தால் நல்ல பலகையும் சுருங்கி மூட்டு விடும். எனவே சித்திரை மாதத்துக்குள் பலகை வந்துசேர்ந்தாக வேண்டும். வேலை முடிந்ததும் வள்ளத்தைப் பொழி நீரில் இறக்கி, மரம் ஊறி மூட்டுகள் இறுகும்வரை கட்டிவைப்போம். கடல் தணிந்த பின், ஆவணியில், அங்கிருந்தே சின்னமுட்டம் நோக்கிப் பாய் விரிப்போம்.

நன்கொடையைக் குழுப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவு ஞாயிறுதோறும் காலைத் திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் வாசிக்கப்படும்; கணக்கேட்டை எவரும் வாங்கிப் பார்க்கலாம்.

இவண்,
வள்ளம் மராமத்துக் குழுவினர்,
குளச்சல்.