அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் "வீடு எப்படிம்மா" என்று கேட்டீர்கள், பேசி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே தெருவுக்குத் தெரு செங்கல் வீடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டி நடுவில் ஒரே சுவராக, நம் முதுநகரில் பக்கத்து வீட்டு ஓட்டிலிருந்து நம் ஓட்டுக்குப் பூனை நடந்து வருமே அந்த மாதிரி. சந்துக்குள் இருப்பவற்றில் சில 12 அடி அகலம்தான் இருக்கும். வாசலுக்கு வெள்ளைப் பளிங்குப் படி, ஊருக்கு வடக்கே காக்கீஸ்வில்லில் வெட்டிய கல். முன்பெல்லாம் பெண்கள் வாராவாரம் மண்டியிட்டு அந்தப் படியைத் தேய்த்துக் கழுவுவார்களாம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இன்னும் கழுவுகிறார், பார்க்கும்போதெல்லாம் அம்மா வாசல் தெளிப்பதுதான் ஞாபகம் வருகிறது.

பெரிய ஆட்கள் இருந்த வீடுகளும் இப்படித்தான் சின்னதாக, வரிசையோடு வரிசையாக நிற்கின்றன. ஆமிட்டி தெருவில் எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1830-களில் அத்தையோடு குடியிருந்த வீடு, எமோரி தெருவில் பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1895-ல் பிறந்த வீடு, இரண்டும் இப்போது அருங்காட்சியகம். அதையெல்லாம் விட, டாலஸ் தெருவில் ஐந்து வீடுகள் இருக்கின்றன அப்பா, அதைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஃபிரடெரிக் டக்ளஸ் கறுப்பினத்தவர், இந்த ஊரில் அடிமையாக இருந்தவர். ஃபெல்ஸ் பாயிண்ட் கப்பல் துறையில் அவர் பார்த்தது என்ன வேலை தெரியுமா, கலப்பத்து! நீங்கள் துறைமுகத்தில் படகுப் பலகை இடுக்குகளை அடைத்தீர்களே, அதே வேலை. நாளுக்கு ஒன்றரை டாலர் வரை கூலி வந்திருக்கிறது, ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஒரு காசு விடாமல் எஜமானிடம் கொடுத்துவிட வேண்டும். 1838-ல் கப்பலோட்டி மாதிரி உடுத்திக்கொண்டு ரயிலேறித் தப்பிவிட்டார். அப்புறம் ஊரறிந்த பேச்சாளர், எழுத்தாளர் ஆகி, 1892-ல் அதே பகுதிக்குத் திரும்பி வந்து, சின்ன வயதில் தான் கும்பிட்ட தேவாலயம் இருந்த மனையை வாங்கி, கறுப்பின ஏழைகளுக்கு வாடகைக்கு விட இந்த ஐந்து வீடுகளைக் கட்டினார். அவர் அதில் குடியிருக்கவில்லை. சுவரில் 'டக்ளஸ் பிளேஸ்' என்று கல் பதித்திருக்கிறது. வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று எதிர்ப்பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன்.

உங்கள் கலப்பத்து உளியையும் கொட்டாப்புளியையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தை மாதம் வருகிறேன், அந்த வேலையை முதலிலிருந்து எனக்குச் செய்துகாட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெரியவள்