செவலைக்காக நின்றவர்களுக்கு நன்றி

தெருக்காரர்களுக்கும், கால்நடை மருந்தக டாக்டரம்மாவுக்கும், கால்நடை ஆய்வாளர் அண்ணனுக்கும், மருந்துக்கடைத் தம்பிக்கும் வணக்கம்.

நோயில் விழுந்த எங்கள் செவலையைப் பார்த்து, ஒரு நாட்டுக்கோழிக்கு இத்தனை பாடா என்று கேட்டவர்களும் உண்டு. ஆனாலும் யார் என்ன சொல்லித்தந்தீர்கள் என்பதை எழுதி வைத்தால், கோழி வளர்க்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும்.

முதலில் ஆய்வாளர் அண்ணன். எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போனதும் எல்லார் வாயிலும் வெள்ளைக்கழிச்சல்தான். தீனி எடுக்காத கோழிக்குப் பித்தம்தான் இறங்கும், அதுவும் பச்சையாகத்தான் போகும் என்று விளக்கினார். ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சலாக இருந்தால் பெரும்பாலும் ஒரு கோழியோடு நிற்காது. மூச்சு இழுக்கும், கழுத்து திருகும், கூட இருப்பவையும் சில நாளில் சுருண்டுவிடும். ஆனாலும் உறுதியாகும்வரை தனிப் பஞ்சாரம், தனித் தண்ணீர்க் கிண்ணம், நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே நோயாளியிடம் போவது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வீட்டு அப்பத்தாவுக்குத் தனி நன்றி. கோழி பென்குவின் மாதிரி நிமிர்ந்து நின்றதைப் பார்த்து, முட்டை அடைப்பு என்று வெந்நீர்த் தொட்டி தயாரான நேரம். அடிவயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முட்டைன்னா கெட்டியாத் தட்டுப்படும், இது தண்ணிப்பை மாதிரி ததும்புது" என்றார். அமுக்கிப் பார்க்கவும் விடவில்லை. உள்ளே முட்டை இருந்து உடைந்தால் ஓடு குத்திப் புண்ணாகிவிடும்.

டாக்டரம்மா சொன்னதும் அதுதான். மஞ்சள் கரு முட்டைக் குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து, அழற்சியாகி நீர் கோத்திருக்கிறது. தராசு 1,710 கிராம் காட்டியது. போன மாதத்தைவிடக் கூடுதல்! ஆனால் நெஞ்செலும்பைத் தடவினால் கத்தி முனை மாதிரி இருந்தது. சதை கரைந்த இடத்தை நீர் நிரப்பியிருக்கிறது. ஊசி போட்டு மெதுவாக 220 மி.லி. எடுத்ததும் 1,490. முழுக்க ஒரே தடவையில் எடுத்தால் அதிர்ச்சியில் போய்விடும் என்பதால் கொஞ்சம் விட்டுவைத்தார். நீர் கோத்த கோழியை மல்லாக்கப் பிடிக்கவே கூடாது, காற்றுப்பைகள் நசுங்கி மூச்சு நின்றுவிடும் என்பதையும் அப்போதுதான் கற்றோம்.

மருந்துக்கடைத் தம்பி இல்லையென்றால் மருந்தளவில் தவறியிருப்போம். பண்ணை மருந்துப் புட்டிகளில் எல்லாம் லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். தண்ணீரே குடிக்காத கோழிக்கு அந்தக் கணக்கு எதற்கு ஆகும்? டாக்டரம்மா சீட்டில் எழுதியது 0.15 மி.லி., அதுவும் நீர் போக மிஞ்சிய எடைக்கு. சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 6-வது கோடு என்று பேனாவால் குறித்துத் தந்தார் தம்பி. 100 யூனிட் சிரிஞ்சில் அதே 6-வது கோடு 0.06 மி.லி.தான், பாதிகூட வராது. ஊசியைக் கழற்றிவிட்டு அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னால்தான் மூச்சுத்துளை இருக்கிறது, வேகமாக ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

"குழம்பு வெச்சிரலாமே" என்ற மாமாவுக்கும் நன்றி, இரண்டாம் தடவை சொல்லாததற்கு. மருந்து ஏறிய கோழியின் கறியும் ஆகாது, முட்டையும் ஆகாது.

அறுவை செய்யலாமா என்று கேட்டபோது டாக்டரம்மா மழுப்பவில்லை. முட்டைக் குழாயை எடுத்தாலும் சினைப்பை உள்ளேயே இருக்கும், கரு மறுபடி வயிற்றில் விழலாம். நான்கு வயதில், இந்த நெஞ்சோடு மயக்கமருந்தைத் தாங்குவதே சந்தேகம் என்றார். அதனால் நீர் எடுத்துக்கொண்டு வசதியாக வைத்திருப்பது என்று முடிவானது. பஞ்சாரத்தின் ஒரு பக்கம் மட்டும் சூட்டுக்குப் பகலில் 60 வாட் குண்டு பல்பு, வேண்டாமென்றால் கோழி தள்ளிப்போக இடம். மாலை 5 மணிக்கே பல்பை அணைத்துச் சாக்கு போர்த்தினோம், வெளிச்சம் குறைந்தால் முட்டையிடுவது நிற்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து அதிகம், முட்டையிடாத கோழியின் சிறுநீரகத்துக்கு அது சுமை. அதை நிறுத்திவிட்டு வளர்கோழித் தீவனத்தைப் பிசைந்து வைத்தோம். காலையில் தீனிப்பை காலியாக இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்த்தோம்.

வைத்தியத்தை எப்போது நிறுத்துவது என்பதற்கும் அவரே அளவு சொல்லியிருந்தார். கூப்பிட்டால் வருகிறதா, தானாகத் தின்கிறதா, மண்குளியல் போடுகிறதா, இறகு கோதுகிறதா. நான்கில் மூன்று நின்றுபோனால் தன்னைக் கூப்பிடச் சொன்னார். நீர் எடுக்கும் இடைவெளி முதலில் 21 நாள், பிறகு 9, பிறகு 4. கடைசியில் இறகு கோதுவது மட்டும் மிஞ்சியது, அதுவும் உட்கார்ந்தபடி. அன்று சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்து, முதலில் மயக்கி, பிறகு ஊசி போட்டார். செவலை மடியிலேயே இருந்தது.

நாய் தோண்டாதபடி மூன்றடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடித்தந்த தோட்டக்காரத் தாத்தாவுக்கு நன்றி. அந்தக் கடைசி ஊசி மருந்து உடம்பில் இருக்கும்போது நாய் தின்றால் நாயும் போய்விடும்.

தராசு, பல்பு மாட்டிய பஞ்சாரம், பிரிக்காத சிரிஞ்சுகள் நான்கு திண்ணையில் இருக்கின்றன. வேண்டியவர்கள் கேட்காமலே எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
செவலை வீட்டார்