டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிய பாக்கி

சில்லறை இல்லாத நேரத்தில் கண்டக்டர் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். டிக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாக்கியைப் பேனாவால் எழுதிக் கொடுத்து, "இறங்கும்போது கேட்டு வாங்கிக்கங்க" என்பார். பாதிப் பேர் மறந்துபோய் இறங்கிவிடுவார்கள். முப்பத்தொரு வருஷம் நானும் அப்படி எழுதிக் கொடுத்தவன்தான். சேலத்தில் அரசுப் பேருந்தில் கண்டக்டர் வேலை. கடைசிப் பதினான்கு வருஷம் பெரும்பாலும் ஏற்காடு ரூட். மார்ச் 31 அன்று கடைசி நடை முடித்துத் தோல்பையை ஒப்படைத்தேன்.

இப்போது பாக்கி என் பக்கம் நிற்கிறது. ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பைக்கில் மலையைச் சுற்றி வந்தேன். காலையில் கிளம்பி இரவு வீடு சேர்வதற்குள் ஐந்தாறு பேருக்குக் கடன்பட்டுவிட்டேன். ஒருவர் பெயரையாவது கேட்டேனா என்றால் இல்லை. ஆயுசு முழுக்க "எங்கே இறங்கணும்?" என்று மட்டுமே கேட்டுப் பழகிய வாய்க்கு "உங்க பேரு என்ன?" என்று கேட்கத் தோன்றவில்லை. அதனால்தான் இந்த மடல். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது படித்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் நன்றி வீட்டுக்காரிக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அதிகாலை மூன்றரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து என்ன செய்வது? சுவரைப் பார்ப்பேன். ஓசூரில் இருக்கும் மகன் அம்மாபேட்டை வீட்டைக் காலிசெய்துவிட்டு அங்கேயே வந்துவிடச் சொல்கிறான். அதற்கும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள்: "செவுத்தப் பாத்தது போதும். வண்டிய எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் போய்ட்டு வாங்க. ராத்திரி சோத்துக்கு வந்தாப் போதும்." கூட வரக் கூப்பிட்டேன். "உங்க வண்டியில மலைக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மகன் விட்டுப்போன பதினோரு வருஷப் பழைய நூறு சிசி வண்டி அது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. கை தானாக மலைப் பக்கம் திருப்பியது. ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு நூற்றைம்பது நாள், நாளுக்கு மூன்று தடவை என்று குறைத்து வைத்தாலும் ஆறாயிரம் முறைக்கு மேல் ஏற்காடு ஏறி இறங்கியிருக்கிறேன். அவ்வளவும் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. டிரைவர் பாதையைப் பார்ப்பார், பயணிகள் ஜன்னலைப் பார்ப்பார்கள், நான் பயணிகளைப் பார்ப்பேன். இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்குக் காலில்தான் தெரியும். எந்த வளைவில் எந்தக் காலை ஊன்ற வேண்டும், எந்த வளைவில் யாராவது "அண்ணே, ஒரு கவர்" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள், அந்தக் கணக்குத்தான்.

அதனால் அந்தப் பாதையை விட்டுவிட்டு, குப்பனூர் வழியாக ஏறினேன். அயோத்தியாப்பட்டணம் போய், அரூர் ரோட்டில் திரும்பி, குப்பனூரிலிருந்து இடதுபுறம் மலையேறும் பாதை அது. கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்குப் போகும். சுற்றுவழிதான். மெயின் பாதையில் மண் சரிந்தால் வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். மற்ற நாளில் கூட்டம் குறைவு. அடிவாரத்தில் டீக்கடை அம்மா, என் தலையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். மேலே போனால் கடை கிடையாதாம். அவருக்கும் நன்றி. பஜ்ஜி சுமார்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொட்டச்சேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஏற்றத்தில் இரண்டாவது கியரிலிருந்து ஒன்றுக்கு இறக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம், கிளட்ச் லிவர் கையோடு தொங்கிவிட்டது. கேபிள் கட். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. செல்போனில் சிக்னல் இல்லை. கீழே இறங்கினால் குப்பனூர், மேலே போனால் எவ்வளவு தூரம் என்று தெரியாது. வழியில் வண்டி நின்றால் "எல்லாரும் இறங்குங்க, பின்னாடி வண்டி வருது, ஏத்தி விடறேன்" என்று சொல்லிப் பழகியவன் நான். இப்போது இறங்கியது நான், பின்னால் எந்த வண்டியும் வரவில்லை.

அரைமணி நேரம் கழித்து வந்தீர்கள் தம்பிகளே, நீங்கள் இருவரும். பின்னால் உட்கார்ந்திருந்தவர் தோளில் ஒயர் சுருள், கையில் டூல்ஸ் பை. எங்கோ எஸ்டேட் வீட்டுக்கு ஒயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். "என்னாச்சுங்கய்யா?" என்று நிறுத்தினீர்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டார். கேபிள் நடுவில் அறுந்திருக்கவில்லை. லிவரில் மாட்டும் முனையில் ஒரு சின்ன ஈயக் குண்டு இருக்குமே, அது மட்டும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. "குண்டு போனா என்ன, வேற குண்டு வச்சுக்கலாம்" என்றார்.

பையிலிருந்து ஒயரை இணைக்கும் கனெக்டர் பட்டை ஒன்றை எடுத்து, கல்லில் வைத்துத் தட்டி, வெள்ளை பிளாஸ்டிக்கை உடைத்தார். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைக் குழாய், அதில் இரண்டு திருகு. இன்னொருவர் அதற்குள் இன்ஜின் பக்கம் இருந்த நட்டைத் தளர்த்தி, லிவர் பக்கத்து அட்ஜஸ்டரையும் முழுக்க உள்ளே திருகிவிட்டார். அப்படிச் செய்ததும் கேபிள் ஒரு விரற்கடை நீளமாக வெளியே வந்தது. பிரிந்துபோன இழைகளை எச்சில் தொட்டு முறுக்கி (ஊசியில் நூல் கோர்ப்பதுபோல) பித்தளைக்குள் விட்டு, இரண்டு திருகையும் டெஸ்டரால் இறுக்கினார். லிவரில் மாட்டி ஒரு பிடி பிடித்தேன். கிளட்ச் பிடித்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "கனெக்டர் என்ன விலைங்கய்யா, விடுங்க" என்று சிரித்தீர்கள். அப்புறம் ஒருவர் திரும்பிப் பார்த்து, "நீங்க ஏற்காடு பஸ் கண்டக்டர்தானே? ஸ்கூல் படிக்கறப்ப பாஸ் மறந்து வந்தா நீங்க இறக்கி விடமாட்டீங்க" என்றார். எனக்கு முகம் நினைவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும் தம்பி. சில பேரை நான் இறக்கியும் விட்டிருக்கிறேன். நீங்கள் அந்தக் கணக்கில் வராமல் போனது என் அதிர்ஷ்டம்.

ஏற்காட்டில் ஒன்றும் விசேஷமில்லை. ஏரிக்கரையில் கூட்டம், படகுத்துறையில் வரிசை. பயணிகள் கேட்டுக் கேட்டே ஊர்க்கதை எனக்கு மனப்பாடம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு, காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்தது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை, சேர்வராயன் கோவில் இருக்கும் இடம் 5,326 அடி. இவ்வளவும் சொல்வேனே தவிர, அந்தக் கோவிலுக்கு நான் போனதில்லை. பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்தில் டீ குடிக்கவே சரியாக இருக்கும். அன்றைக்குத்தான் போனேன். உச்சியில் மரமே இல்லாத சமதரை, காற்று ஆளைத் தள்ளுகிறது. கோவில் என்றால் கோபுரம் தேடாதீர்கள். குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, பூசாரி கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவருக்கும் ஒரு நன்றி.

திரும்பும்போது நேராக வந்திருக்கலாம். 32 கிலோமீட்டர் லூப் ரோடு என்று ஊரில் சொல்வார்களே, எஸ்டேட்டுகளுக்கு நடுவே சுற்றிவரும் பாதை, அதில் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று திருப்பினேன். இரண்டு பக்கமும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. ஒரு வளைவு திரும்பியதும் சரிவு முழுக்க வெள்ளை. கிளை தெரியாமல் பூ. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வண்டியை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த வாசனை. வருஷா வருஷம் கோடையில், ஏற்காடு நெருங்கும்போது பஸ்ஸுக்குள் வரும். யாரோ பெண்கள் மல்லிகை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றே பதினான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மழை பிடித்தது. கோடை மழை, சொல்லிக்கொண்டு வராது. ரோட்டோர வீட்டுத் திண்ணையிலிருந்து "ஏங்க, நனையாதீங்க, இப்படி வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டீர்கள் அக்கா. உங்கள் நாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை. நான் இருந்த முக்கால் மணி நேரமும் குரைத்தது. கொல்லையில் நிற்கும் நாலு செடியின் கொட்டையை நீங்களே வறுத்து இடித்த தூளில், வெல்லம் போட்டுக் கடுங்காப்பி கொடுத்தீர்கள். மல்லிகைக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, அப்புறம் மழையைப் பார்த்து முகம் சுருங்கிப்போனீர்கள். "முந்தின மழை பேஞ்சு எட்டு ஒம்போது நாள்ல இப்படிப் பூக்கும். மூணு நாளுதான் இருக்கும். பூத்து நிக்கறப்ப மழை அடிச்சா காய் புடிக்காது. இன்னிக்குப் பேயக் கூடாத மழைங்க இது." எஸ்டேட்டில் கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கும் கூலி உங்களுக்கு இந்த மூன்று நாள் பூவில் இருக்கிறது. நான் வாசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மழை முழுக்க விடவில்லை, இருட்ட ஆரம்பித்தது. கிளம்புகிறேன் என்றதும் உள்ளே போய் ஒரு யூரியா சாக்கை எடுத்துவந்து, ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் குத்தித் திணித்து, கொங்காடையாக்கி என் தலையில் கவிழ்த்தீர்கள். சின்ன வயசில் என் அம்மா வயல் வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்வது. நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும் நான் அதைப் பார்த்து. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஏற்காடு வரை கொங்காடையோடுதான் வந்தேன். போலீஸ் தம்பிகள் மன்னிக்கவும்.

இறக்கத்தில் மெயின் பாதையில் போய்விடலாம் என்று முடிவு செய்தேன், ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான். பனிமூட்டம். முன்விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. என்னோடு அதிக காலம் ஓடிய டிரைவர் அண்ணன் ஓய்வு பெற்றுப் போகும்போது சொன்னது ஒன்றுதான்: "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. பிரேக்கையே நம்பி இறங்கினா, பாதி மலையில சூடாகிப் பிடிக்காமப் போயிடும்." இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை முடிந்தவரை தொடாமல் (பித்தளைக் குண்டின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை) உருட்டிக்கொண்டு வந்தேன்.

முதல் வளைவுக்கு முன்னாலேயே பின்னால் ஒரு பஸ். ஒதுங்கி வழிவிட்டேன். முந்திப் போன பஸ் கொஞ்ச தூரத்தில் வேகத்தைக் குறைத்தது. நான் நெருங்கியதும் மெதுவாக நகர்ந்தது. நான் பின்தங்கினால் அதுவும் தாமதித்தது. இரண்டு வளைவு கழித்துத்தான் புரிந்தது, எனக்காகத்தான் என்று. டிரைவர் தம்பி, நீங்கள் புதியவர், என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மழையில் ஒரு கிழவன் பழைய வண்டியில் தடுமாறுகிறான், அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே மொத்த மலையையும் இறங்கினேன்.

பின்கண்ணாடி வழியாக உள்ளே வெளிச்சம் தெரிந்தது. கண்டக்டர் கம்பியில் இடுப்பைச் சாய்த்து, நோட்டுகளை அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் நிமிர்ந்து பார்க்காமலேயே கால் மாற்றினார். இடது, வலது, இடது. இருபது வளைவும் அப்படியே. பாதையை அவரும் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் பஸ்ஸை ஓரம் கட்டினீர்கள். கண்டக்டர் தம்பி படியில் தொங்கியபடி, "இனிமே சமதரைதாங்க, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு விசில் அடித்தார். பஸ்ஸுக்கா, எனக்கா தெரியவில்லை. நானும் கியரைப் போட்டுக் கிளம்பினேன். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது மணி ஒன்பது. வீட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. வாங்கிய திட்டு வேறு.

மறுநாள் மெக்கானிக் புதுக் கேபிள் போட்டார். பழையதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "யாருங்க போட்டது? இன்னும் ரெண்டு மாசம் ஓடும் போல இருக்கே" என்றார். பித்தளைக் குண்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஒயரிங் தம்பிகளே, அது உங்களுடையது.

ஜூன் மாதம் ஓசூருக்குக் குடிபோகிறோம். மகனிடம் சொல்லிவிட்டேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேலே வருகிறேன் அக்கா, இந்த முறை வீட்டுக்காரியும் வருகிறாளாம். சாக்கைத் துவைத்துக் காயவைத்தாயிற்று. அம்மாபேட்டைத் தட்டுவடை செட்டு கட்டிக்கொண்டு வருகிறேன், சட்னியைத் தனியாகத்தான் கட்டச் சொல்வேன். பூவில் எவ்வளவு நின்றது என்று சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் நாயைக் கட்டிப்போடுங்கள்.