ஃபோர்ட்நைட் என்றால் பதினைந்து நாள் இல்லை, பாப்பா

அன்புள்ள பாப்பா,

போனில் சொன்னால் "பரவாயில்லப்பா, விடுங்க" என்று நீ முடித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தாநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து குளித்துவிட்டு, அம்மா விளக்கேற்றியதும் ஐந்து மணிக்கு உனக்குப் போன் போட்டேன். மெல்போர்னில் அப்போது ஒன்பதரை. பத்து மணிக்கு உனக்கு டிரைவிங் டெஸ்ட், அதற்குள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடலாம் என்று. நீ எடுத்துக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அப்பா, அது நேத்தே முடிஞ்சிருச்சு, பாஸ் ஆகல" என்றாய். லேன் மாறும்போது தலையைத் திருப்பிப் பார்க்கவில்லையாம், அதற்குத்தான் ஃபெயில் போட்டுவிட்டார்களாம்.

டெஸ்ட் போனது பெரிதில்லை. வியாழன் ராத்திரி நீ அந்த ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய், இங்கே நாங்கள் இருவரும் நாளைக்குத்தானே டெஸ்ட் என்று அலாரம் வைத்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டோம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கே தப்பு நடந்தது என்று சொல்கிறேன். ஜூன் 5-ந் தேதி, வியாழக்கிழமை, நீ போனில் "இன்னும் ஒரு ஃபோர்ட்நைட்ல டெஸ்ட்ப்பா" என்றாய். ஃபோர்ட்நைட் என்றால் எனக்குப் பதினைந்து நாள். ஐந்தோடு பதினைந்தைக் கூட்டி, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் 20-ஐ வட்டம் போட்டுவிட்டேன். நீ சொன்னது இரண்டு வாரம், 14 நாள், வியாழனுக்கு வியாழன், 19.

இந்தப் பழக்கம் எனக்கு ஆபீஸில் வந்தது. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம் தெரியுமல்லவா, ஒன்றிய அலுவலகத்தில் அந்த ஃபைலோடுதான் எனக்குப் பல வருஷம் போனது. அதன் ஆங்கிலப் பிரதியில், வேலை கேட்டு மனு கொடுத்தால் பதினைந்து நாளுக்குள் வேலை தர வேண்டும் என்று ஓரிடத்தில் வரும், அங்கே அவர்கள் போட்டிருப்பது ஃபிஃப்டீன் டேஸ். கூலியை வாரா வாரம் கொடுக்க வேண்டும், எப்படியும் வேலை செய்த நாளிலிருந்து ஒரு ஃபோர்ட்நைட்டுக்கு மேல் தள்ளக் கூடாது என்று இன்னோரிடத்தில் வரும். ஒரே சட்டம், இரண்டு சொல். நான் இரண்டையுமே பதினைந்து நாள் என்றுதான் குறிப்பு எழுதினேன், மேலே இருந்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை. கூலிக்குக் காத்திருக்கிற ஜனங்களுக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயமா? இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

இரண்டு நாளாக இதே வேலையாகத்தான் உட்கார்ந்து படித்தேன். ஃபோர்ட் என்பதைப் பார்த்து கோட்டை சம்பந்தப்பட்டது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், அது இல்லை. பழைய ஆங்கிலத்தில் பதினான்கு இரவு என்று சொன்னது தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. ஏழு இரவுக்கும் செனைட் என்று ஒரு சொல் இருந்திருக்கிறது, அது வழக்கொழிந்துவிட்டது. அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் நாளைப் பகலால் எண்ண மாட்டார்கள், இரவால்தான் எண்ணுவார்கள் என்று டாசிடஸ் என்ற ரோமானியர் கி.பி. 98 வாக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலம் அந்த வழியில் வந்த மொழிதானே. அம்மாவிடம் சொன்னேன், "நாம நவராத்திரின்னு சொல்றதில்லையா, அதுவும் ராத்திரிக் கணக்குதானே" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை பாப்பா.

நாம் ஏன் பதினைந்து என்கிறோம் என்பதற்கும் எனக்கு ஒரு கணக்கு தோன்றுகிறது. காரியத்துக்கு நாள் எண்ணும்போது இறந்த நாளையே முதல் நாளாக வைத்துத்தான் பதினாறாம் நாள் பார்க்கிறோம். அதே மாதிரி இன்றைய வியாழனையும் சேர்த்து விரலை மடக்கினால் அடுத்த வியாழன் எட்டாவது விரல், அதற்கடுத்த வியாழன் பதினைந்தாவது. நம் பெரியவர்கள் "எட்டு நாள் கழித்து வா" என்றால் பெரும்பாலும் அதே கிழமையைத்தான் சொல்கிறார்கள். ஆக பாட்டி மாதிரி விரல் விட்டு எண்ணியிருந்தால் நான் சரியாக 19-ல் போய் நின்றிருப்பேன். காகிதத்தில் கூட்டல் போட்டதில்தான் ஒரு நாள் கூடிப்போனது.

நிலாக் கணக்கு வேறு. பட்சத்துக்குத் திதி பதினைந்துதான், ஆனால் அமாவாசைக்கு அமாவாசை ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள், அதனால் பாதி என்று பார்த்தால் சில தடவை 14 நாளில் வரும், சில தடவை 15. ஃபோர்ட்நைட்டுக்கு நிலாவோடு சம்பந்தமே இல்லை, கிழமை மாறாமல் இரண்டு வாரம், அவ்வளவுதான்.

உன் சம்பள விஷயத்திலும் நான் தப்பாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். ஃபோர்ட்நைட்லி சம்பளம் என்று நீ சொன்னபோது மாதத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு 24 என்று பெருக்கி வைத்திருந்தேன். 14 நாளுக்கு ஒரு தடவை என்றால் 26 வரும். சில மாதத்தில் மூன்று தடவை வருகிறது என்று நீ சொன்னது இப்போதுதான் புரிகிறது. பை-வீக்லி என்று எழுதினால் வாரத்துக்கு இரண்டா, இரண்டு வாரத்துக்கு ஒன்றா என்று அவர்களுக்கே குழப்பமாம். ஃபோர்ட்நைட்லியில் அந்தத் தொல்லை இல்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் டல்லாஸில் இருக்கிற உன் சித்தி மகனிடம் இந்தச் சொல்லைப் போடாதே, அமெரிக்காவில் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லையாம், டூ வீக்ஸ் என்றே சொல்லிவிடு.

நேற்று சாயங்காலம் உன் மெசேஜ் பார்த்தேன். "ரீடெஸ்ட் தர்ஸ்டே ஃபோர்ட்நைட், 11 மணிக்கு" என்று போட்டிருக்கிறாய். நேற்றிலிருந்து 14 எண்ணக் கூடாது, முதலில் வருகிற வியாழனைப் பிடித்து, அதிலிருந்து இரண்டு வாரம் தள்ள வேண்டும் என்று பார்த்துக்கொண்டேன். வருகிற வியாழன் 26, அப்படியானால் ஜூலை 10. அம்மாவை விரல் விட்டும் எண்ணச் சொன்னேன், 26-ஐயும் சேர்த்துப் பதினைந்தாவது விரலில் அதே 10-ல்தான் நின்றாள். காலண்டரில் வட்டம் அவள்தான் போட்டாள். தப்பாக இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடு.

நீ "டூ வீக்ஸ்" என்று எனக்காக மாற்றிப் பேச வேண்டாம். அங்கே எப்படிப் பேசுகிறாயோ அப்படியே சொல், புரியாவிட்டால் இனி கூச்சப்படாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உனக்குப் 11 என்றால் இங்கே ஆறரை. ஐந்தரைக்குப் போன் போடுகிறேன். அப்புறம் உன் ராத்திரி எட்டு மணிக்கு, எங்களுக்கு மூன்றரை, மறுபடியும் போடுவேன். பாஸானாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, எடு. லேன் மாறும்போது தலையைத் திருப்பிப் பார்.

அப்பா