பென்சிலால் எழுதிய சீட்டு

சென்னை,
ஞாயிறு காலை

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "ஒரு துணுக்குத் திசு கிடைத்தால் மரபணுவைப் படித்து இன்ன உயிர் என்று சொல்லிவிடுகிறோம். இன்னும் எதற்கப்பா இந்தக் குப்பிகளும் பதிவேடுகளும்?" என்றாய். அப்பாவைக் குறைத்துப் பேசும் பிள்ளை இல்லை நீ. ஆனாலும் அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் பார்த்த வேலையைப் பற்றி உன்னிடம் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லையே என்று வருத்தமாக இருந்தது. மலைக்குப் போய் இருபது நாள் கழித்துத் திரும்பும்போது என் சட்டையில், உயிர்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாடைதான்.

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் கொல்கத்தாவில் 1916 ஜூலை முதல் தேதி தொடங்கியது. சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் எங்கள் தென் மண்டல மையம் 1961-இல் வந்தது. இந்த மண்ணில் என்னென்ன உயிர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்துப் பெயரோடு எழுதி வைப்பதுதான் வேலை. புலியையும் யானையையும் எண்ண ஆட்கள் இருக்கிறார்கள். சருகுக்கு அடியில் ஊரும் மரவட்டையையும் ஓடைக்கல்லில் ஒட்டியிருக்கும் நத்தையையும் தேடிப் போக எங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

முகாமில் பகலெல்லாம் சல்லடையில் சருகைச் சலிப்போம், ஓடையில் வலை போடுவோம். அட்டைக் கடிக்குப் புகையிலைத் தண்ணீர்தான். இருட்டிய பிறகுதான் முக்கியமான வேலை. வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கு வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து மொய்க்கும். இன்னொரு விளக்கடியில் நான் சீட்டு எழுதிக்கொண்டிருப்பேன். இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர், கல்லின் மேல் இருந்ததா, அடியில் இருந்ததா. கட்டை விரல் அகலச் சீட்டில் இவ்வளவும் அடங்க வேண்டும். பருத்திக் கூழில் செய்த கெட்டிக் காகிதம், பென்சில் எழுத்து. சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும். வெளியே ஒட்டினால் பசைக்கு ஆசைப்பட்டு ராமபாணப் பூச்சி அரித்துவிடும்.

பென்சில் ஏன் என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. பாபநாசம் பக்கம் ஒரு வாரம், கோதையாறு பக்கம் ஒரு வாரம் சுற்றினோம். வழிகாட்டியாக வந்த காணிப் பழங்குடிக்காரர் ஒருவர் ஓடைக்கல்லைப் புரட்டி ஏழு நண்டுகள் பிடித்துக் கொடுத்தார். ஓடு பழுப்பு, கால்கள் பழுத்த மிளகாய் நிறம். பென்சில் பையில் எங்கேயோ கிடந்தது. மழை வேறு. சட்டைப் பையிலிருந்த பால்பாயின்ட் பேனாவால் எழுதிப் போட்டுவிட்டேன். சென்னைக்கு வந்து பார்த்தால் நண்டு கெடாமல் இருக்கக் குப்பியில் ஊற்றிய சாராயம் லேசான நீலமாக இருக்கிறது, சீட்டு வெள்ளையாக இருக்கிறது. எழுத்து முழுவதும் கரைந்துவிட்டது. கால்களின் சிவப்பும் போய்விட்டது.

என் மேலதிகாரி திட்டவில்லை. "எந்த ஓடை?" என்று மட்டும் கேட்டார். பாபநாசம் பக்கம்தான் என்றேன். "சத்தியமாகச் சொல்வாயா?" என்றார். என்னால் முடியவில்லை. அந்த ஏழு நண்டுகளும் பதிவேட்டில் ஏறவில்லை. இடம் தெரியாத உயிரை வைத்து எதுவும் எழுத முடியாது, கயல். ஏழு உயிர்களை வீணாகக் கொன்றிருக்கிறேன் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அவர் அன்று மாலை என்னை உட்கார வைத்து ஒரு தலைப்பிரட்டையின் கதையைச் சொன்னார். எங்கள் நிறுவனத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னன்டேல், தென்னிந்திய மலைகளில் கிடைத்த பெயர் தெரியாத தலைப்பிரட்டைகளைப் பற்றி 1918-இல் எழுதினார். அவற்றில் ஒன்று வேகமாக ஓடும் நீரில் பாறையை வாயால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருப்பது. எந்தத் தவளையின் பிள்ளை என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று தூக்கி எறியாமல், பார்த்ததைப் பார்த்தபடி பதிந்து வைத்தார். இதைச் சொன்னபோது என் அதிகாரிக்கும் விடை தெரியாது. 2003-இல்தான் கேரளத்து மலையில் ஊதாத் தவளைக்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் கறையான் தின்று கிடந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் வெளியே வருகிற தவளை. அன்னன்டேலின் தலைப்பிரட்டை அந்த வம்சம்தான். எண்பத்தைந்து ஆண்டுகள் அந்தக் குறிப்பு காத்துக் கிடந்திருக்கிறது. செய்தியைப் படித்த அன்று என் அதிகாரி உயிரோடு இல்லையே என்று அழுகை வந்தது.

2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அதே வம்சத்தில் இன்னொரு தவளையைப் பிரித்து அறிந்தார்கள். நீ செய்வது போன்ற மரபணு வேலையும் அதில் உண்டு. அகத்தியமலையில் களப்பணியின்போது விழுந்து 2014-இல் இறந்துபோன பூபதி என்ற ஆய்வாளரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்துகளைப் படித்து, ஏற்கெனவே சேர்த்து வைத்த எழுத்துகளோடு ஒப்பிட்டுத்தானே பெயர் சொல்கிறீர்கள்? அங்கே முதலில் அந்தப் பெயரை எழுதியவர் யார்? உயிரைக் கையில் வைத்துப் பார்த்த ஒருவர். அவர் பிழை செய்திருந்தால் திரும்ப எடுத்துப் பார்க்கக் குப்பி வேண்டுமே. உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஃபார்மலினில் போட்டுப் போட்டு நாங்கள் எத்தனையோ மரபணுக்களைக் கெடுத்துவிட்டோம். இப்போது முதலில் திசுவைத் தனியாகச் சாராயத்தில் எடுத்து வைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

2024-இல் நாட்டு விலங்கினங்களின் முழுப் பட்டியலை நிறுவனம் வெளியிட்டது, 1,04,561 இனங்கள். நான் மூடி திறந்து சாராயம் நிரப்பிய குப்பிகளில் சில அதற்குள் இருக்கின்றன. சாராயம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், யாராவது பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மாதம் 31-ஆம் தேதி சாவியை ஒப்படைக்கிறேன். மண்புழுவைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறுகிறார்கள், அந்த நாற்காலிகளுக்கு ஆள் வருவது குறைவாக இருக்கிறது. எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த நண்டுக் குப்பி இன்னும் என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஃபார்மலின் படாதது, முதலிலிருந்தே சாராயம்தான். மலை நண்டு கடலுக்குப் போய்க் குஞ்சு பொரிப்பதில்லை, முட்டையை வயிற்றுக்கு அடியிலேயே சுமக்கும். அதனால் மலைக்கு மலை வேறுபட்டுப் போகும் என்பார்கள். பாபநாசம் பக்கத்து நண்டும் கோதையாற்று நண்டும் சீட்டோடு எங்களிடம் இருக்கின்றன. ஒரு காலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா? முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, மரபணு எழுத்து மிச்சம் இருக்குமோ என்னவோ. பொறுப்பு அலுவலரிடம் முறைப்படி எழுதி அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தை நான் எழுதி வைக்கிறேன். 31-க்கு முன்னால் எந்தத் தேதியில் வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
அப்பா