கண்டிப் பாடத்தில் கொழும்பையும் எழுதுங்கள்

இலங்கையில் வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கண்டி இராச்சியம் 1815இல் ஏன் வீழ்ந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ராசா கொடியவன், பிரதானிகள் காட்டிக்கொடுத்தார்கள் என்று பதில் வரும். சரி, இரண்டும் நடந்ததுதான். கொழும்பிலிருந்து கரையோரத்தை ஆண்ட ஆங்கிலேயத் தேசாதிபதிகள் அந்தப் பதிலில் எங்கே? அன்று கண்டி அவர்களுக்குப் பக்கத்து நாடு.

பிரெடெரிக் நோர்த் தேசாதிபதியாக வந்த 1798இல்தான் கண்டியின் முதலமைச்சரான 'மகா அதிகாரம்' பிலிமத்தலாவ, இளைஞன் கண்ணுச்சாமியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அரியணை ஏற்றினார். அப்புறம் அதே பிலிமத்தலாவ அந்த ராசாவைக் கவிழ்க்க நோர்த்திடம் இரகசியமாகப் பேசினார். வாசலோடு திருப்பி அனுப்பாமல் நோர்த் பேச்சை வளர்த்தார். புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டி ஆட்கள் பறித்ததைச் சாட்டாக வைத்து 1803இல் படையை ஏவினார்.

வெறிச்சோடிக் கிடந்த கண்டியில் முத்துச்சாமி என்ற இளவரசரை ராசாவாக்கினார்கள். சனம் அவர் பக்கம் சேரவில்லை. படையைக் காய்ச்சல் தின்றது. ஜூனில் ஆங்கிலப் படைத் தலைவர் மேஜர் டேவி சரணடைந்து, முத்துச்சாமியையும் கூட்டிக்கொண்டு வத்தபுளுவவில் மகாவலிக் கரைக்கு வந்தார். ஆறு பெருகிக் கிடந்தது, கடக்க வழியில்லை. முத்துச்சாமியைத் தா என்று ராசாவின் ஆட்கள் கேட்டார்கள். டேவி கொடுத்துவிட்டார். கொண்டுபோய்க் கொன்றார்கள். பிறகு டேவியின் சிப்பாய்களையும் கொன்றார்கள். முத்துச்சாமியை ஆற்றங்கரை வரை கொண்டுவந்துவிட்டது கொழும்பின் திட்டம். இதற்கு ஒரு முழுப்பக்கம் கொடுங்கள்.

பின்னர் தேசாதிபதியான பிரவுன்றிக் காலத்தில் வேலை நுட்பமானது. சிங்களம் கற்ற ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி ஒற்றர் வைத்தார், பிரதானிகளோடு ஓலைத் தொடர்பு வைத்தார். 1814இல் கண்டிப் பிரதானி எகலப்பொல கொழும்பு பக்கம் ஓடிவந்தார். அவர் குடும்பத்தை ராசா கொன்றார். அந்தக் கொடுமையை மறைக்கச் சொல்லவில்லை. அதைக் காட்டித்தான் மறுவருடம் படை நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

1815 மார்ச் 2ஆம் திகதி ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் செய்த உடன்படிக்கையில், கண்டி மீது 'மலபார்' வம்சத்துக்கு, அதாவது தென்னிந்திய வழிவந்த ராசாவின் வம்சத்துக்கு, இனி எந்த உரிமையும் இல்லை என்று எழுதினார்கள். ராசாவின் ஆண் உறவினர் கண்டிக்குள் வரவும் தடை போட்டார்கள். யார் எந்த நாட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல இங்கிலாந்துக்காரருக்கு யார் உரிமை கொடுத்தது? அந்த வாசகத்தை அப்படியே பாடத்தில் அச்சிடுங்கள். ராசாவை 1816இல் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள அவருடைய கல்லறையின் படத்தையும் அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்