மேளம் கட்டாத வீணையை யாரும் விற்பதில்லை

மதிப்பிற்குரிய பியானோ விற்பனையாளர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுக்கிறேன். புதுப் பியானோவைச் சரிபார்த்துச் சுருதி சேர்ப்பது யார் வேலை என்ற வாதம் உங்களுக்குப் புதிதல்ல. சென்ற மாதம் நடந்த ஒன்றுக்குப் பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

என் மாணவி ஒருத்திக்காக அவள் அப்பா, மிளகு விற்ற பணத்தைச் சேர்த்துவைத்துப் புதுப் பியானோ வாங்கினார். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அது மேலே வந்தது. தொழிற்சாலையில் கட்டிய பெட்டியை முதன்முதலாகப் பிரித்ததே அந்த வீட்டுக் கூடத்தில்தான்.

மூன்றாவது வாரம் அவளுக்கு ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் பாடம். முதல் முறை ஒலித்தது. இரண்டாம் முறை ஒலிக்கவில்லை. "விரலைத் தூக்கு" என்றேன். தூக்கினாள். மறுபடியும் அதட்டினேன். கண்ணில் நீர் முட்ட, "தூக்கித்தான் வாசிக்கிறேன் மிஸ்" என்றாள். பிறகுதான் குனிந்து பார்த்தேன். விரல் எழுந்துவிட்டது, அது அழுத்திய கட்டை எழவில்லை. கட்டையின் துளைக்குள் ஒட்டியிருக்கும் கம்பளித்துணி மலைப்பனியின் ஈரத்தில் உப்பி, நடுவிலுள்ள ஊசியைக் கவ்விக்கொண்டிருந்தது. தெரிந்தவர் கையில் சில நிமிட வேலை. அதற்கு ஒரு பிள்ளை தன் விரலை நொந்துகொண்டாள்.

விற்ற கடையைக் கேட்டால், "தொழிற்சாலையில் எல்லாம் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். மற்றது வாங்கியவர் பொறுப்பு" என்கிறார்கள். தொழிற்சாலையில் பார்த்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் 88 கட்டைகள், இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து பதினைந்து டன்னுக்கும் அதிகமான இழுவிசை. புதுக் கம்பி இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும், சுருதி இறங்கத்தான் செய்யும். கப்பல், கிடங்கு, சேலத்து வெயில், ஏற்காட்டுப் பனி என்று மாறிமாறிப் பட்டால், கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான ஒலிப்பலகை உப்பிச் சுருங்கும். கம்பிகளை அடிக்கும் சுத்தியல்களின் கம்பளியைக் குத்திப் பதப்படுத்துவதும், அவை கம்பியைத் தொடுமுன் விடுபடும் இடைவெளியைச் சரிசெய்வதும் மிளகுக்காரர் செய்கிற வேலையா? பெங்களூரிலிருந்து ஆளை வரவழைத்து, பஸ் செலவும் தங்கும் செலவும் கொடுத்து அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

மேளம் கட்டாமல், அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிக்காமல், எந்த ஆசாரியாவது வீணையை விற்கிறாரா? கரணை என்னும் கறுப்புப் பூச்சை வைத்துச் சுருதி பார்க்காத மிருதங்கத்தை யாராவது கையில் கொடுக்கிறார்களா? நம் ஊர்க் கைவினைஞர்கள் மரியாதையாகக் காத்துவரும் வழக்கம் இது. இலட்சக்கணக்கில் விலை வாங்கும் பொருளுக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது? வாங்க வருபவருக்குச் சுருதி தெரியாது என்பதாலா? தெரியாதவரிடம்தானே விற்பவருக்குப் பொறுப்பு அதிகம்!

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தாழ்மையோடு கேட்கிறேன்: கடையை விட்டு அனுப்புமுன் ஒவ்வொரு கட்டையையும் சரிபார்த்து, சுருதி சேர்த்து அனுப்புங்கள். வீட்டின் தட்பவெப்பத்துக்குப் பியானோ பழகிய சில வாரங்களில் உங்கள் ஆளை அனுப்பி ஒருமுறை சுருதி சேர்த்துக்கொடுங்கள். இரண்டுக்கும் ஆகும் செலவை விலையிலேயே சேர்த்து, பில்லில் எழுதிக்கொடுங்கள். தயார் செய்வது விற்பவர் வேலை.

அந்தச் சிறுமியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் அப்பா உங்களில் ஒருவருக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஏற்காட்டுப் பியானோ ஆசிரியை